தனி அடுப்பு

சவுரியம்மாள் வீட்டு உள்ளறையில், மாதா படத்துக்குக் கீழே, மஞ்சள் துணி போர்த்திக்கொண்டு ஒரு காஸ் அடுப்பு உட்கார்ந்திருந்தது. சர்க்கார் இனாமாகக் கொடுத்த அடுப்பு. கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியும் அதில் ஒரு டம்ளர் வெந்நீர்கூட வைத்தது கிடையாது. சனிக்கிழமை தவறாமல் சிலிண்டருக்கு ஈரத்துணியால் குளிப்பாட்டு மட்டும் நடக்கும். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதையும் ஒரு சுரூபம் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாலும் குற்றம் சொல்ல முடியாது.

அது அவள் மகள் சகாய பிரியாவுக்குச் சீர். பிரியா அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எந்த ஊரில் கோலி விளையாடிக்கொண்டிருந்தானோ தெரியாது. ஆனால் அவன் வீட்டில் எரியப்போகிற அடுப்பு மட்டும் தயாராக இருந்தது.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற பஸ்ஸில் வந்தால் நடுவழியில் அந்த ஊர். கோயில் தெருவில், ஒரே சுற்றுச் சுவருக்குள் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம். அண்ணன் இன்னாசிராஜ் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறவர். அவர் பெண்சாதிதான் சவுரியம்மாள். தம்பி அந்தோணி பிரபு கொத்தனார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவான். அவன் பெண்சாதி வெனிலா, விழுப்புரம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். கையில் இரண்டரை வயசுப் பெண் குழந்தை.

குடும்பம் இரண்டு, ரேஷன் கார்டு ஒன்று. கார்டுக்கு ஒரு காஸ். அந்தக் காஸ் முத்திரை விழுந்த மாதத்திலிருந்து கார்டுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெயும் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆக, காஸும் எரியவில்லை, மண்ணெண்ணெயும் போதவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து சவுக்கு மிலாறும் வேலிக்காத்தான் முள்ளும் விறகாக எரித்தார்கள்.

எரித்ததில் வெனிலாவுக்கு நெஞ்சு இன்னும் கெட்டது. குழந்தை பிறந்த வருஷம் தொடங்கிய இழுப்பு, மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார வைத்துவிடும். மாத்திரையெல்லாம் அப்புறம், முதலில் புகைக்குப் பக்கத்தில் போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமைக்கிறவளுக்கு அது சோறு தின்னாதே என்கிற மாதிரி. அவள் ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டாள்.

"அக்கா, ஒரு வேளை சோத்த மட்டும் அந்த காஸ்ல ஆக்கிக்கிறேனே. புகையில நெஞ்சு அடைச்சிக்கினு போவுது."

சவுரியம்மாள் விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"நான் இந்த ஊட்டுக்கு வரசொல்ல ஒரு ஈயக் குண்டானோட வந்தேன். அந்தக் குண்டானச் சொல்லிச் சொல்லியே எங்க மாமியா என்னை சாவுற வரைக்கும் பேசுனாங்க. எம் பொண்ணு அப்படிப் போவ மாட்டா. அந்த அடுப்பத் தொடாத."

கெட்ட மனசில்லை அவளுக்கு. குழம்பு வைத்தால் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவாள், குழந்தைக்குப் பேன் பார்ப்பாள். அந்த அடுப்பு ஒன்றில் மட்டும் அவள் மனசு கல்லாக இருந்தது. அந்தக் கல்லில் முட்டிப் பிரயோஜனம் இல்லை என்று வெனிலாவுக்குத் தெரிந்துபோயிற்று.

தனிக் கார்டு எழுதிப் போடலாம் என்றான் பிரபு. தனிக் கார்டு வந்தால் அதில் தனியாக ஒரு காஸ் கேட்கலாம். அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை, பெயரை எடுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் தனிக் கார்டுக்குத் தனி அடுப்பு இருக்க வேண்டும். ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்ப்பான். ஒரு கூரைக்குள் எத்தனை பெண்சாதி புருஷன் இருந்தாலும் அவனுக்குக் கவலையில்லை. எத்தனை அடுப்பு எரிகிறது என்பதுதான் கணக்கு. பிரபு வேலை செய்த இடத்தில் மிஞ்சிய ஹாலோபிளாக் கல்லைக் கொண்டுவந்து, வீட்டை ஒட்டினாற்போல ஒரு சமையல் கட்டு எழுப்பினான். மேலே ஷீட்டு, உள்ளே சுண்ணாம்பு. ஒரு கதவும் வைத்தான்.

அதற்குள் எந்த அடுப்பை வைப்பது என்பதில்தான் தகராறு. விறகு ஆகாது. மண்ணெண்ணெய், கார்டோடு சவுரியம்மாள் கையில் இருக்கிறது. கரண்டு அடுப்பு வாங்கலாமென்றால், அந்த வருஷம் கரண்டு போகிறது சேதியில்லை, வருகிறதுதான் சேதி. மரத்தூள் திணித்து எரிக்கிற தகர அடுப்பைப் பிரபு பார்த்துவிட்டு வந்தான். தச்சுப் பட்டறைத் தூள் கிடைக்கும், ஆனால் அதுவும் மழை நாளில் கண்ணைக் கரிக்கும் என்றான். ஒரு அடுப்பைத் தேர்ந்தெடுக்க அவர்கள் பட்ட பாடு, பிரியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட யாரும் படப்போவதில்லை.

அப்போதுதான் காணையிலிருந்து அடுப்பு விற்கக் கலைமதி என்று ஒருத்தி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மகளிர் குழுப் பெண்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூடியிருந்தார்கள். அவள் பெரிய பெயின்ட் டப்பா மாதிரி ஒரு எவர்சில்வர் அடுப்பை நடுவில் வைத்தாள். அடியில் சின்ன ஃபேன், அதற்கு ஒரு பேட்டரி. உள்ளே போட்டு எரிக்கிறதுக்குப் பெயர் பெல்லட் என்றாள். மல்லாட்டைத் தோலையும் கரும்புச் சக்கையையும் அரைத்து, மிஷினில் அழுத்திச் செய்தது. பழுப்பு நிறத்தில், உடைந்த சாக்பீஸ் அளவுக்கு இருந்தது. தெருப் பெண்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் புழுக்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

ஒரு கரண்டி மண்ணெண்ணெய் விட்டுப் பற்ற வைத்துக் குமிழைத் திருகினாள். உய்ங் என்று ஒரு சத்தம். தீ நீலமும் மஞ்சளுமாக வட்டம் கட்டி நின்றது. புகை இல்லை. வெனிலா குனிந்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். மெய்யாகவே இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புகையில்லாமல் அடுப்படியில் கண் கலங்கினது அன்றைக்குத்தான்.

ஆனாலும் டவுன்காரியல்லவா, கேட்க வேண்டியதைக் கேட்டாள். கார்டு கேட்பார்களா என்றாள். எந்தக் கார்டும் வேண்டாம், குழுவில் சேர்த்த காசு போதும் என்றாள் கலைமதி. நடுவில் அணைக்க வேண்டுமென்றால் என்ன செய்வது என்றாள். அணைக்க முடியாது, பற்ற வைத்தால் போட்ட அளவு எரிந்து முடிந்துதான் அணையும், அதனால் அளந்து போடணும் என்றாள்.

"புழுக்கை கிடைக்காம போனா இன்னா பண்றது?"

கலைமதி சிரித்தாள். "இன்னாக்கா நீங்க. இந்தப் பக்கத்துல மல்லாட்டை இல்லாம போவுமா? மல்லாட்டைத் தோலு இருக்குற வரைக்கும் பெல்லட் இருக்கும்."

சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மல்லாட்டை உடைத்து உடைத்துக் கட்டைவிரல் காய்த்துப்போனவர்கள் அவர்கள். தோல் தெருவில் குப்பையாகக் கிடக்கும். மழையும் மல்லாட்டையும் அந்த மண்ணில் இல்லாமல் போகும் என்று யார் நினைப்பார்கள். மழையாவது ஏமாற்றும். வெனிலாவும் தலையாட்டினாள். ஆளுக்கு ஒன்றாக ஏழு பேர் அடுப்பு வாங்கினார்கள்.

ஒரு வருஷம் அவள் ராணி மாதிரிதான் சமைத்தாள். இரண்டு கைப்பிடி புழுக்கை போட்டால் ஒரு மணி நேரம் நின்று எரியும். அந்த ஒரு மணிக்குள் எல்லாவற்றையும் வரிசை கட்டி முடிக்கக் கற்றுக்கொண்டாள். முதலில் சோறு. அது கொதிக்கிறபோதே மொச்சைக்கொட்டையும் கருவாடும் தயாராக வைத்திருந்து, சோற்றை இறக்கின கையோடு குழம்பு. குழம்புக்குப் பிறகு ஃபேனைக் குறைத்துக் குழந்தைக்குக் கேப்பைக் கஞ்சி. கடைசியில் மிச்சமிருக்கிற அனலில் ஒரு கைப்பிடி மல்லாட்டையை வறுத்து எடுத்துவிடுவாள், துவையலுக்கு. சட்டியின் அடியில் கரி ஒட்டாது. பிரபு அடித்த சுண்ணாம்பு, அடித்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. ஐப்பசி மழையில்கூட அவள் படுத்துத் தூங்கினாள்.

"ஃபேன் போட்டுக்கினு சமைக்கிற மவராசி" என்று சவுரியம்மாள் தெருவில் பேர் வைத்தாள். வெனிலா சிரித்துக்கொண்டாள். மவராசி என்றால் மவராசிதான், அதனாலென்ன.

அடுத்த வருஷம் சித்திரையில் புழுக்கை மூட்டை வரவில்லை. போன் போட்டால் சரக்கு வரணும்க்கா என்றாள் கலைமதி. வைகாசியில் போனையே எடுக்கவில்லை. வெனிலா மல்லாட்டைத் தோலை அப்படியே போட்டு எரித்துப் பார்த்தாள். ஃபேன் அதை ஊதித் தள்ளியதில் சோற்றுப் பானைக்குள் கரித்தூள் பூ மாதிரி விழுந்தது. சவுக்குக் குச்சியை அரிவாளால் விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டாள். நறுக்குவதற்குள் கை விட்டுப்போயிற்று, எரிந்ததும் புகைந்துதான் எரிந்தது. கடைசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, விழுப்புரம் போய் வேறு பஸ் பிடித்து, காணைக்கே போய்ச் சேர்ந்தாள்.

கலைமதி வீட்டுப் பின்கட்டில் மூன்று கல் கூட்டி விறகு எரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெல்லட் அடுப்பு கதவு ஓரத்தில் இருந்தது. அதில் உளுந்து கொட்டி வைத்திருந்தாள். வெனிலாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஒளியவில்லை, பொய்யும் சொல்லவில்லை.

"பெரிய பெரிய கம்பெனிக்காரன் பாய்லருக்குன்னு டன் கணக்குல வாங்கிக்கினு போறான்க்கா. நம்மகிட்ட ஒரு ஒரு மூட்டையா வித்து பெல்லட் மிஷின்காரனுக்கு இன்னா வரப்போவுது. எங்களுக்கே ஒரு வார்த்தை சொல்லல. நான் முப்பது பேருக்கு வித்துட்டேன். எந்தத் தெருவுலயும் தலை காட்ட முடியல. ஒரே பேஜாரு."

தோல் இருந்தது, புழுக்கையும் இருந்தது. அவர்களுக்கு மட்டும் இல்லை. இதைக் கேட்கத்தான் அன்று அந்த வராந்தாவில் யாருக்கும் தோன்றவில்லை. கலைமதி தான் வைத்திருந்த அரை மூட்டையைத் தலைச்சுமையாகத் தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். காசு வாங்கவில்லை.

அந்த அரை மூட்டையை வெனிலா தங்கம் மாதிரி வைத்துக்கொண்டாள். ஆபீஸ் ஆள் வருகிறபோது தனி அடுப்பு எரிய வேண்டும். அதுவரைக்கும் ஒரு வேளை சமையல், மறுவேளை பழையது. ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் முற்பகலில் அவர் வந்தார். பெயர் அரங்கநாதன். குடைக் கம்பி மாதிரி ஆள், கக்கத்தில் ரெக்ஸின் பை. சவுரியம்மாள் மல்லாட்டை உடைக்கிற கூலிக்குப் போயிருந்தாள். வெனிலா தனியாக இருந்தாள், அது நல்லதென்றும் நினைத்தாள்.

மூட்டை அடியில் இருந்ததை எல்லாம் கொட்டி அடுப்பைப் பற்ற வைத்தாள். மல்லாட்டை உருண்டை இரண்டும் டீயும் வைத்தாள். அவர் டீயைக் குடித்தார். நன்றாகத்தான் குடித்தார். பிறகு எழுந்து சுவரோரமாக நடந்தார். ஆள்காட்டி விரலால் சுவரில் ஒரு கோடு இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இங்க யாரு சமைக்கிறா?"

"நான்தாங்க சார். இப்பக்கூட டீ போட்டனே."

"எத்தினி நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேல ஆவுதுங்க."

"ஒரு வருசமா சமைக்கிற சுவரா இது? எங்கம்மா கரி? நான் இருவது வருசமா அடுப்பு பார்த்துக்கினு வர்றேன். கேமராக்காரன் லைட்டு வைக்கிற மாதிரி ஒரு டப்பாவைக் கொண்டாந்து வெச்சி காட்டினா நம்பிடுவேனா. நீங்க அந்த ஊட்டுல ஒண்ணா ஆக்கித் துண்ணுறீங்க. கார்டுக்காக இத்த கட்டி வெச்சிருக்கீங்க."

புகையே வராத அடுப்பு சார் இது, அதுக்காகத்தான் வாங்கினது என்று அவள் விளக்கினாள். மூச்சு வாங்கியது. சட்டியைக் கவிழ்த்து அடியைக் காட்டினாள். அது வேறு பளபளவென்று அவளுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. அவர் கோபக்காரர் இல்லை. அடுப்பென்றால் புகை, புகையென்றால் கரி, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த சட்டம். கரியை எடுத்துப் பூசி வைக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன், விரலில் ஒட்டினால் பூசின கரி, ஒட்டாவிட்டால் பிடித்த கரி என்று அதையும் சொல்லிவிட்டார். பொதுச் சமையல் என்று எழுதினார். அஞ்சாறு மாசத்தில் மறுபடி வருவேன், அப்போது கரி பிடித்த சமையல் கட்டு இருந்தால் காட்டு என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

உள்ளே திரும்பி வந்தால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க முடியாத அடுப்பு. கடைசிப் புழுக்கை அத்தனையும் அதற்குள் இருந்தது. உலை வைக்கலாமென்றால் அரிசி களையக் கை ஓடவில்லை. முக்கால் மணி நேரம் அந்தத் தீ சும்மா எரிந்து தீர்ந்தது. அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். 

மறுநாள் களிமண் குழைத்து அடுப்புப் போட்டாள். பச்சை வேலிக்காத்தானாகப் பார்த்து வெட்டி வந்தாள், அதுதான் நன்றாகப் புகையும். உலையை ஏற்றிக் கதவைச் சாத்தினாள். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தாள், தீ அவிந்தால் ஊத வேண்டுமல்லவா. புகை ஷீட்டு வரைக்கும் ஏறி, போக இடமில்லாமல் சுவரில் இறங்கியது. குழந்தையை வெளியில் சவுரியம்மாள் பார்வையில் விட்டிருந்தாள்.

கரிக்காகத்தான் எரிக்கிறேன் என்று அவள் சவுரியம்மாளிடம் சொல்லவில்லை. சொன்னால் தெரு சிரிக்கும். அதைவிட, ஒரு தடவை கேட்டு இல்லை என்று வாங்கின இடத்தில் மறுபடி போய் நிற்க அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. சவுரியம்மாளோ தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். "இன்னா மவராசி, ஃபேனு நின்னுப்போச்சா" என்று இரண்டு நாள் கேட்டாள். மூன்றாவது நாள் இருமல் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கேலியை நிறுத்தினாள். கதவத் தொறந்து வெச்சிக்கினு எரியேன், இது இன்னா வீம்பு என்று ஒரு நாள் வாசலில் நின்று சத்தம் போட்டாள். வெனிலா தாழ்ப்பாளை எடுக்கவில்லை.

சனிக்கிழமை வந்தால் பிரபு தலையில் கை வைத்துக்கொள்வான். "கார்டு வந்தா வருது, வராட்டி போவுது. நீ செத்துக்கினு போயிட்டா கார்டை இன்னா பண்றது."

"கார்டு இல்லாம காஸ் எங்கேர்ந்து வரும்? காஸ் இல்லாட்டி எப்பவும் புகைதான். அஞ்சு மாசம் துண்ணா தீரும்ல."

 கல்லும் கலவையும் தெரிந்த ஆள், இந்தக் கணக்குக்கு எங்கே போவான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் விறகெல்லாம் நனைந்து சுவருக்கு நல்ல காலம் பிறந்தது. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு மூலையில் தொடங்கிக் கறுப்பு. அவள் தினமும் விரலால் கோடு இழுத்துப் பார்ப்பாள். மார்கழி பிறக்கிற சமயத்தில் விரலில் ஒட்டவில்லை. எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுவென்று பிடித்திருந்தது. தன் கையால் செய்ததில் அவளுக்கு ஒரு பெருமைகூட வந்தது. அந்தப் புதன்கிழமை ரேஷன் கடைக்காரர் சொல்லியனுப்பினார், வருகிற திங்கட்கிழமை அரங்கநாதன் சார் வருகிறாராம்.

வியாழக்கிழமை காலையில் அவளால் குடத்தைத் தூக்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. இன்னாசிராஜ் ஆட்டோ பிடித்துத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிரபுவுக்குச் சேதி போய் அவன் நேரே அங்கே வந்துவிட்டான். முகமூடி மாட்டி மருந்தைப் புகையாக உள்ளே அனுப்பினார்கள். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பஸ்ஸில் வருகிறபோது அவள் பிரபுவிடம் சொன்னாள், திங்கட்கிழமை தாண்டினால் போதும், அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று.

வாசலில் சுண்ணாம்பு வாசனை. கிறிஸ்மஸுக்கு ஆறு நாள் இருந்தது. தெருவெல்லாம் வெள்ளையடிக்கிற சமயம்தான், அதனால் அவளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. சவுரியம்மாள் சமையல் கட்டு வாசலில் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையோடு நின்றாள். முகம், தலை எல்லாம் சுண்ணாம்பு. கதவை அகலத் திறந்து காட்டினாள்.

"வா, வந்து பாரு."

நான்கு சுவரும் வெள்ளை. கொஞ்சம் நீலம் போட்ட வெள்ளை. மூலையில்கூட ஒரு பொட்டுக் கறுப்பில்லை.

"மொத தடவை அடிச்சேன், கரி உள்ளேர்ந்து மஞ்சளா ஊறிக்கினு வருது. திரும்ப அடிச்சேன். அப்பவும் கரி உடல. இன்னிக்கு காலையில மூணாவது வாட்டி வஜ்ஜிரப் பசை போட்டு அடிச்சேன், அப்புறம்தான் அடங்குச்சி." உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பிரியாவோட காஸ எடுத்தாந்து இங்க வெச்சிடலாம்னுதான் பார்த்தேன். மஞ்சத் துணியக்கூட எடுத்துட்டேன். மனசு வரலடி. பொய் சொல்லக் கூடாது, மனசு வரல. அதான், இதையாவது செய்யலாம்னு."

பிரபு வாயைத் திறந்தான். வெனிலா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நல்லா இருக்குதுக்கா" என்றாள்.

அன்றைக்கும் மறுநாளும் சவுரியம்மாள் வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. புதுச் சுவரை உடனே கெடுக்காதே, ரெண்டு நாளு நம்மூட்டுலயே துண்ணுங்க என்று உத்தரவு. உண்மையைச் சொல்லிவிடு என்றான் பிரபு. கை வெந்து கிடக்கிறவளிடம் என்னவென்று சொல்ல, என்றாள் வெனிலா. இரண்டு நாளில் எந்தப் புகையாலும் அந்தச் சுவரைக் கறுக்க முடியாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவன் போய்விட்டான்.

அரங்கநாதன் பதினொரு மணிக்கு வந்தார். சவுரியம்மாள் அன்று கூலிக்குப் போகவில்லை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றாள். அவர் கதவைத் தள்ளி உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார்.

"போன வாட்டியாவது பழைய வெள்ளையா இருந்துது. இப்ப எனக்காகப் புதுசா அடிச்சி வெச்சிருக்கியா?"

வெனிலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாலும் மூச்சு முட்டும் போலிருந்தது.

"வெள்ளையா இருந்தா இன்னாங்க சார்?" என்றாள் சவுரியம்மாள்.

"கரி இல்லாத இடத்துக்கு சமையக்கட்டுன்னு எப்படிம்மா எழுதறது? கரி புடிச்ச சுவத்தைக் காட்டுன்னு சொல்லிட்டுப் போனேன். அஞ்சு மாசம் டைம் குடுத்தேன்."

சவுரியம்மாள் வெனிலாவைப் பார்த்தாள். சாத்தின கதவு, தாழ்ப்பாள், பச்சை விறகு, இருமல், ஆட்டோவில் போன நீல உதடு, எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். உலர்த்த வைத்திருந்த பாத்திரத்திலிருந்து தோசைத் திருப்பியை எடுத்தாள். வெந்த கையோடு சுவரில் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தாள். சுண்ணாம்பு ஏடு ஏடாக விழுந்தது. அடியில் கறுப்பு.

"தோ பாருங்க சார். கண்ணால பாருங்க. இங்கயும் பாருங்க. எத்தினி கரி வேணும் உங்களுக்கு? இவ உசுரக் குடுத்துப் புடிச்ச கரி சார். விரலு வெச்சி இழுத்துப் பாருங்க, ஒட்டாது."

அவர் கிட்டே வந்தார். விரலால் கோடு இழுத்தார், திருப்பிப் பார்த்தார். ஒட்டவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். வெனிலாவுக்கு அந்த ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது.

"கரி இருக்குது. சரிதான். மேல வெள்ளையடிச்சது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் சவுரியம்மாள், வேகமாக. "அவ ஆஸ்பத்திரியில இருந்தா. மூணு தடவை நான்தான் அடிச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"சாம்பல் ஆறிக் கிடக்குது, ரெண்டு நாளா அடுப்பு எரியலையே. சோறு எங்க துண்ணுச்சி இந்தப் பொண்ணு?"

"எங்க ஊட்டுலதான். வேற எங்க துண்ணுவா?"

அவர் பேனாவை மூடியிலிருந்து எடுத்தபடி இரண்டு பேரையும் பார்த்தார். சலிப்பாகத்தான் பார்த்தார், கெடுதல் செய்கிறவர் மாதிரி இல்லை.

"அந்தப் பொண்ணு சமையக்கட்டுக்கு நீ வெள்ளையடிக்கிறே. அவளுக்கு முடியலன்னா நீ சோறு போடறே. குழந்தை உன் இடுப்புல இருக்குது. அப்புறம் இதுல தனிக் குடும்பம் எங்கம்மா இருக்குது?"

பொதுச் சமையல் என்று எழுதினார். எலெக்‌ஷனெல்லாம் முடிஞ்சி புதுசா எழுதிப் போடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். சைக்கிள் மணி தெருக்கோடியில் கேட்டது.

சவுரியம்மாள் குழந்தையை இறக்கிவிட்டாள். கீழே கிடந்த சுண்ணாம்பு ஏட்டையெல்லாம் காலால் ஒதுக்கினாள்.  தோசைத் திருப்பியால் மறுபடி சுரண்டத் தொடங்கினாள், மேலேயிருந்து கீழே, ஒரு சுவர் முடித்து அடுத்த சுவர்.

"விடுங்கக்கா" என்றாள் வெனிலா. "அவரு போயிட்டாரு."

"திரும்ப வருவான்ல. வரசொல்ல கருப்பா இருக்கணும்ல."

வெனிலா குனிந்து அடுப்பில் விறகை வைக்கப் போனாள். சவுரியம்மாள் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ வெளிய போ. பாப்பாவ இட்டுக்கினு போயி அந்த வேம்படியில குந்து."

"அக்கா."

"போன்னா போ. எனக்கு நெஞ்சு நல்லாதான் இருக்குது."

பச்சை வேலிக்காத்தானாகப் பார்த்து மூன்றை அடுப்பில் செருகினாள். முந்தானையை இழுத்து மூக்கில் கட்டினாள். வெனிலாவைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வெனிலா குழந்தையோடு வேம்படியில் உட்கார்ந்தாள். ஷீட்டு இடுக்கில் புகை கசிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருமல் கேட்டது, பழக்கமில்லாத இருமல். எதிரே சவுரியம்மாள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மாதா படத்துக்குக் கீழே அந்த மஞ்சள் துணி இங்கிருந்தே தெரிந்தது. எடுத்த துணியைத் திரும்பப் போர்த்தியிருக்கிறாள், முனைகளை நன்றாக இழுத்து அடியில் செருகியிருந்தாள்.